ஒற்றை டிக்

புத்தகத்தை மூட வேண்டாம் அம்மா. நான் எட்டிப் பார்த்தது தப்புதான். அடுத்தவர் படிப்பதை எட்டிப் பார்க்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்ததும் கண் போய்விட்டது. ரஷ்ய எழுத்துத்தானே அது? கண்ணாடியில் தெரியும் இங்கிலீஷ் ஆர் மாதிரி ஒன்று வருமே, அதை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். படிக்கத் தெரியாது. அடையாளம் தெரியும், அவ்வளவுதான்.

காலேஜில் எடுத்துப் படித்தீர்களா? நல்லது. எனக்கு ஐந்து வார்த்தை தெரியும். நன்றிக்கு ஸ்பசீபா, சமாதானத்துக்கு மீர், தோழருக்கு தவாரிஷ். அப்புறம் ஆமாம், இல்லை. இதை வைத்துக்கொண்டே ஒரு ஆயுளை ஓட்டிவிட்டேன்.

என் பெயர் ஆதிமூலம். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். சங்கத்தில் இருந்தவன். பேச்சில் கொஞ்சம் மேடை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் என் பெண் வருகிறாள். ரஷ்யாவில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு வருகிறாள்.

வரச் சொல்லி அவள் என்னைக் கூப்பிடவில்லை. எந்த விமானம், எத்தனை மணி எல்லாம் அவள் அம்மாவிடம் சொன்னதுதான். என்னோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவும் மகளும் போனில் பேசும்போது நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது மாதிரி இருப்பேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று ஒருநாள் என் சம்சாரம் சொன்னாள். அவளுக்குக் கிண்டல் அதிகம்.

பஸ் கிளாம்பாக்கம் போவதற்குள் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். இரண்டு வரி எழுதித் தர வேண்டும். யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மின் நிலையத்தைக் கட்டியபோது சோவியத் என்ஜினீயர்கள் குடும்பத்தோடு வந்து டவுன்ஷிப்பில் இருந்தார்கள். என் அப்பா அங்கே கலாசி, சாமான் தூக்கிக் கொடுக்கிற வேலை. அதில் ஒரு என்ஜினீயரின் சம்சாரம் என் சட்டையில் ஒரு சிவப்பு பேட்ஜைக் குத்திவிட்டார். எனக்கு ஐந்தோ ஆறோ வயது. ஊருக்குத் திரும்பும்போது எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சொல்லிக்கொள்ள வந்தார்கள். கிளம்பும் நேரத்தில் எல்லோரும் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் அம்மா பயந்துபோய், "யாருக்காச்சும் மயக்கமா?" என்று கேட்டாள். அவர்கள் ஊர் வழக்கமாம் அது. தூரப் பயணம் கிளம்புவதற்கு முன் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். உங்கள் புத்தகத்தில் அதெல்லாம் இருக்கிறதா?

அந்த பேட்ஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுபத்தொன்றில் நமக்குச் சண்டை வந்தபோது உலகத்தில் யார் நம் பக்கம் நின்றார்கள்? அவர்கள்தான். அதை நான் மின் நிலையத்து கேட்டில் நின்று பேசியிருக்கிறேன், டீக்கடையில் பேசியிருக்கிறேன், பெண் பார்க்கப் போன வீட்டில்கூடப் பேசினேன். பிறகு தொண்ணூற்றொன்றில் அந்த நாடே இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருத்தன், "என்ன தோழரே, கடையை இழுத்து மூடிட்டாங்களாமே! மிச்சச் சரக்கை உங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் மகள் பிறந்தாள். வாலன்டினா என்று பேர் வைத்தேன். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பேர். என் மாமனார், "இல்லாத ஊருக்கு வழி கேக்கறதைப் பாத்திருக்கேன், இல்லாத நாட்டுக்குப் பேர் வைக்கிறவரை இப்பத்தான் பாக்கறேன் மாப்பிள்ளை" என்றார். வீட்டில் அவளை வாலு என்போம். பேருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தாள், எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி.

நீட்டில் மார்க் போதவில்லை. கார்கிவில் இடம் கிடைத்தது. ஏஜென்ட், "ரஷ்யா இல்ல சார், உக்ரைன்" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னான். நான், "யோவ், ஒரே வீட்டு ரூமுங்கய்யா அதெல்லாம்" என்றேன். அவன் சிரித்தான். நான் ஏதோ ஹாஸ்யமாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டான்.

கலீனா என்று ஒரு அம்மா வீட்டில் அவளுக்கு ஒரு அறை. ரிடையர் ஆன கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகன் போலந்தில் லாரி ஓட்டுகிறான். கூட ஒரு பூனை. என் பெண் சாம்பார் வைத்தால் அந்த அம்மா ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்பாராம். வாலன்டினாவை அவர் வால்யா என்று கூப்பிடுவார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் தெரிந்தவர்களுக்கெல்லாம் குட்மார்னிங் படம் அனுப்புவேன். ரோஜா, சூரிய உதயம், காபிக் கோப்பை மேல் உட்கார்ந்திருக்கும் குருவி. நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் அனுப்புவார் போலிருக்கிறது. கலீனா அம்மாவின் நம்பர் கிடைத்ததும் அவருக்கும் அனுப்ப ஆரம்பித்தேன். அவர் பதிலுக்கு ஒரு சூரியகாந்தி அனுப்புவார். எழுத்து ஒன்றும் கிடையாது. எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை பாருங்கள். பூவுக்குப் பூ. ஒருநாள்கூட விட்டதில்லை.

சண்டை ஆரம்பித்த அன்றைக்கும் சூரியகாந்தி வந்தது அம்மா.

அந்த வாரம் முழுவதும் என் பெண்ணும் அந்த அம்மாவும் கட்டடத்துக்கு அடியில் இருந்த நிலவறையில் இருந்தார்கள். பழைய தக்காளி ஊறுகாய் ஜாடியைத் திறந்து, பெரியதாக இருந்த பழங்களை எல்லாம் இவளுக்குப் போட்டாராம். ரயில் விடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தவர் அவர்தான். கிளம்பும் முன், மேலே இடி மாதிரி விழுந்துகொண்டிருக்கும்போது, "உட்கார்" என்றாராம். இவள் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அவர் படியில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் ஸ்டேஷனில் கூட்டத்தை முழங்கையால் இடித்துத் தள்ளி, இவளை ரயிலுக்குள் திணித்துவிட்டு, "டாக்டராகி வந்து என் முழங்காலைப் பார்" என்றாராம். நீங்களும் வாருங்கள் என்று இவள் அழுததற்கு, பூனைக்கு ரயில் என்றால் பயம் என்றாராம்.

வீட்டுக்கு வந்து அவள் இதை எல்லாம் சொன்னபோது நான் அழுதேன். பொய் சொல்லவில்லை, அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா வாலன்டினா மூலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் நாடு பெரிய நாடாயிற்றே, எங்களுக்காக ஏதாவது சொல்வார்களா என்று. "நாங்க எல்லாருக்கும் நண்பர்கள்னு சொல்லும்மா" என்றேன். "அப்படியேவாப்பா சொல்றது?" என்றாள். "அப்படியே சொல்லு" என்றேன். ஐ.நா.வில் நம் நாடு ஓட்டுப் போடாமல் ஒதுங்கியிருந்த நேரம் அது. ஒதுங்கியிருப்பதும் ஒரு கொள்கைதான். தப்பென்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் அந்த அம்மாவுக்கு ஒரு புறா படம் அனுப்பினேன். சூரியகாந்தி வந்தது. அதனால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

படிப்பு பாதியில் நின்றுவிட்டது. இங்கே எந்தக் காலேஜிலும் சேர்த்துக்கொள்ள வழியில்லை. ரஷ்யாவில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! பழைய சிநேகிதன் வீட்டுக் கதவைத் திறந்து வா என்கிறான். அவள் மாட்டேன் என்றாள்.

"உனக்காகக் கதவைத் திறக்கறாங்கம்மா. எழுபத்தொண்ணுல நமக்காகக் கப்பல் அனுப்பினவங்க."

"என் ரூம் ஜன்னலை உடைச்சதும் அவங்கதான்பா."

"அது அவங்க குடும்பச் சண்டை. அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும்."

அதற்கு அவள், "அப்பா, சித்தப்பா நம்ம வீட்டுக்குள்ள வந்து கூரையை இடிச்சா, நீ பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இதையேதான் சொல்வியா?" என்றாள். சொன்னேனே, எதிர்க்கேள்வி என்று. என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான் என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

கடைசியில் போனாள். வேறு என்ன செய்வாள்? ரஷ்யாவில் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கேயும் மனிதர்கள் நல்லவர்கள்தான், குளிருக்கு ஒரு ஹாஸ்டல் வார்டன் அம்மா தன் சொந்தச் சால்வையைக் கொடுத்தாராம். கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கலீனா அம்மாகிட்ட ஜார்ஜியாவுல படிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். நீ தயவுசெஞ்சு எதையும் அனுப்பிடாதே."

சரி என்றேன்.

அடுத்த மே மாதமும் போய், அதற்கு அடுத்த மே மாதம். மே ஒன்பது அவர்களுக்கு வெற்றி நாள், ஹிட்லரை ஜெயித்த நாள். காலேஜ் விழாவுக்கு எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அவரவர் உடையில் வர வேண்டும் என்றார்களாம். இவள் அவள் அம்மாவின் மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நெஞ்சில் ஆரஞ்சும் கறுப்பும் கோடு போட்ட ரிப்பன், ரஷ்யப் பட்டாளத்தின் அடையாளம். பின்னால் பெரிய ரஷ்யக் கொடி. முகம் சிரிக்கவில்லை. அவள் போட்டோவில் எப்போதுமே சிரிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் அதை அம்மாவுக்குத்தான் அனுப்பினாள், புடவை எப்படி இருக்கிறது என்று காட்ட. நான் அதை என் போனுக்கு மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குட்மார்னிங்குக்குப் பதிலாக அந்தப் படம் போய்விட்டது. என் லிஸ்டில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லோருக்கும் போய்விடும். அந்த லிஸ்டில் கலீனா அம்மாவும் இருந்தது எனக்கு நினைவில்லை. இப்படித்தான் நடந்தது. வயசாகிவிட்டது பாருங்கள், விரல் ஒரு பக்கம் போகிறது, மூளை ஒரு பக்கம் போகிறது.

இரண்டு நீல டிக் விழுந்தது. பார்த்துவிட்டார். சூரியகாந்தி வரவில்லை.

அதற்கு மறுநாள் நான் ஒரு ரோஜா அனுப்பினேன். ஒற்றை டிக். போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அடுத்த நாளும் ஒற்றை டிக். அன்றிலிருந்து இன்று காலை வரைக்கும் ஒற்றை டிக்தான். அந்த வாரம்தான் கார்கிவ் பக்கம் மறுபடி குண்டு விழுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், ஒருத்தர் நம்மை பிளாக் செய்தாலும் ஒற்றை டிக்தான். போனே இல்லாமல் போனாலும் ஒற்றை டிக்தான். ஆளே இல்லாமல் போனாலும்...

வாலன்டினா போன் செய்தாள். படத்தை நான் எல்லோருக்கும் அனுப்பியது அவள் சிநேகிதி ஒருத்தி மூலமாகத் தெரிந்துவிட்டது, என் லிஸ்டில் அந்தப் பெண்ணின் அப்பாவும் இருக்கிறார். "அவங்க பார்த்துட்டாங்களாப்பா?" என்றாள். பார்த்துவிட்டார் என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இனிமே நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவங்க உசிரோட இருக்காங்களான்னு கேப்பேன்?" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஒரு படத்துக்காக ஒரு மகள் அப்பாவோடு இவ்வளவு காலம் பேசாமல் இருப்பது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். நாடே ரஷ்யாவிடம் கப்பல் கப்பலாக எண்ணெய் வாங்குகிறது. அதைக் கேட்க ஆள் இல்லை. நான் ஒரு படம் அனுப்பினேன்.

இல்லை. உங்களிடம் அப்படிச் சொல்லக் கூடாது. எழுதித் தரப் போகிறவர் நீங்கள்.

லிஸ்டில் போகவில்லை அம்மா. லிஸ்டிலும் போனது, அது வேறு. அந்த அம்மாவுக்கு நான் தனியாகத்தான் அனுப்பினேன். படத்துக்குக் கீழே வெற்றி நாள் வாழ்த்துகள் என்று ரஷ்யனில் இருந்த வரியை ஒரு இடத்திலிருந்து எடுத்து ஒட்டி அனுப்பினேன். அவருடைய தகப்பனார் அந்த யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர் என்று வாலன்டினா எப்போதோ சொல்லியிருந்தாள். அதே யுத்தம், அதே வெற்றி. அப்பாவின் நாளை எங்கோ ஒரு இந்தியப் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கொண்டாடுகிறாள் என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இந்தப் பொய், ஜார்ஜியா என்கிற இந்தச் சின்னப் பொய், எதற்கு நடுவில் என்று நினைத்தேன். அவர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த காலத்தை நான் ஒருத்தன்தான் நினைவு வைத்திருக்கிறேன், நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்ட பையன் மாதிரி.

இதை என் சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கும் லிஸ்ட் கதைதான் தெரியும்.

தண்ணீர் வேண்டாம் அம்மா, இருக்கிறது. செங்கல்பட்டு தாண்டிவிட்டோமா?

ரஷ்யனில் எழுதவா என்று கேட்கிறீர்கள். ஆமாம், அவர் பேசுவது... இல்லை, இருங்கள். சண்டை ஆரம்பித்த பிறகு அவர் ரஷ்யன் பேசுவதை நிறுத்திவிட்டாராம். எழுபது வயதில் உக்ரைனியனில் பூனையைத் திட்டப் பழகுகிறாராம். பூனைக்குப் புரியவில்லை, நிம்மதியாகத் தூங்குகிறது என்று வாலன்டினாவிடம் சிரித்தாராம். தன்னை கலீனா என்று கூப்பிட வேண்டாம், ஹலினா என்று கூப்பிடு என்றும் சொன்னாராம். ஆயிரம் தடவை இவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போதுகூடப் பாருங்கள், வழியெல்லாம் நான் கலீனா என்றேதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்கு உக்ரைனியன் வராதா? போனில் போட்டு எடுத்து, தெரிந்தவரைக்கும் சரிபார்க்கிறீர்களா? செய்யுங்கள். அதுவே போதும்.

இன்னொன்று. என் போனிலிருந்து அனுப்பினால் ஒற்றை டிக்தான் விழும். அதனால் உங்கள் போனிலிருந்து... தெரியும். முன்பின் தெரியாத ஒரு கிழவன், வெளிநாட்டு நம்பருக்கு உங்கள் போனிலிருந்து அனுப்பச் சொல்கிறான். நான் உங்கள் அப்பாவாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் சம்சாரம் போனிலிருந்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்க மாட்டீர்களா? அனுப்பியிருக்கலாம். சங்கத்தில் யாரிடம் கேட்டாலும் போனைக் கொடுத்திருப்பார்கள். எத்தனையோ தடவை அவள் போனைக் கையில் எடுத்திருக்கிறேன். அதிலும் ஒற்றை டிக் விழுந்துவிட்டால்? அதனால் வைத்துவிடுவேன். தெரியாத வரைக்கும் அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம் பாருங்கள். இன்றைக்கு அப்படி முடியாது. ஏர்போர்ட்டில் வெளியே வந்ததும் என் பெண் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

ரொம்ப நன்றி அம்மா. நம்பர் இதோ.

என்ன எழுதுவது? வீட்டில் யோசித்து வைத்திருந்தேன், ஒரு பக்கம் வரும். சரித்திரம், நட்பு, வயதான மனிதனின் அறியாமை, எல்லாம் வரும். அதெல்லாம் வேண்டாம். மேடைப் பேச்சு. மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் போடட்டுமா? அதுவும் நான் நன்றாக இருப்பதற்காகக் கேட்கிற மாதிரி இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: ஹலினா அம்மா, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அவ்வளவுதான். ஹலினா. அதைச் சரியாகப் போடுங்கள்.

அனுப்பிவிட்டீர்களா?

ஒன்றுதானா? ஒன்றுதான் தெரிகிறது. இந்த இடத்தில் சிக்னல் வராது, பாலத்தைத் தாண்டட்டும். நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் சொல்லாதீர்கள், போனைப் பையில் வைத்துவிடுங்கள், நான் புரிந்துகொள்வேன்.

என்னது?

ரெண்டா? காட்டுங்கள். ரெண்டு! ரெண்டு டிக் அம்மா! இருக்கிறார்! கோபம்தான், என்மேல் கோபம்தான், என்னை பிளாக்தான் செய்திருக்கிறார்! நல்ல அம்மா, என்ன நல்ல அம்மா... கண்டக்டர் தம்பி, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, நல்ல சேதி. இந்த அம்மா எனக்கு வேண்டியவர்.

நீலமாகிவிட்டதா? பார்க்கிறாரா? இப்போது, இந்த நிமிஷம்? ஏதோ எழுதுகிறாரா?

வந்துவிட்டதா? என்ன போட்டிருக்கிறார்?

"யார் நீங்கள்?"

அவ்வளவுதானா? யார் நீங்கள். சரியான கேள்விதான். கணக்கு டீச்சர் இல்லையா.

என்ன சொல்வது? தோழர் என்று சொல்லிப் பழகிய வாய் இது. அந்த வார்த்தை அங்கே வேண்டாம். இந்திய நண்பன் என்றால் எல்லோருக்கும் நண்பன்தானே நீ என்பார். வால்யாவின் அப்பா என்று சொன்னால் உங்கள் நம்பரையும் பிளாக் செய்துவிடுவார். அப்புறம் இந்த டிக்கும் போய்விடும், முழங்காலுக்கும் பதில் வராது. வேறு யாரோ என்று சொல்லலாம். நீங்கள் யாரோ ஒரு மாணவி, தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் நம்பிவிடுவார். ஜார்ஜியா மாதிரி.

பஸ் உள்ளே திரும்பிவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் நீங்கள் உட்காருங்கள் அம்மா, அவர்கள் இறங்கட்டும். பேச வேண்டாம். ஒரு நிமிஷம்.

எழுதுங்கள். வால்யாவின் அப்பா.